எஞ்சின் மாறிய நாளில் வண்டி நின்றால்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடைகளில் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேசுவதே மரபு. அவ்வாறு பேசவல்ல அறிஞர்கள் எனக்கு முன்னரும் பேசினார்கள். பின்னரும் பேச இருக்கிறார்கள். எனக்குச் செயலாளர் அவர்கள் இட்ட பணி வேறு. லினக்ஸ் ஏற்றிய கணிப்பொறி ஒன்று, புதுப்பித்தலுக்குப் பின் எழாமல் படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை நம் வீட்டார்க்கு விளங்கும்படி கூறவேண்டும் என்றார். பட்டம் பெற்ற பொறியாளர்கள் பலர் வாழும் இப்பெங்களூரில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ரயில்வே எழுத்தன் ஒருவன் இதைப் பேசலாமா என்று கேட்டேன். "நீங்கள் பேசினால்தான் எங்களுக்குப் புரியும்" என்று விடை வந்தது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

இப்பொருள் இப்போது ஏன் எழுந்தது? 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14ஆம் நாளன்று விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திற்று. விண்டோஸ் 11 முறைப்படி ஏறவேண்டுமாயின் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு பொறியில் இருக்கவேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நம் ஆஸ்டின் டவுன் வீடுகளில் உள்ள மடிக்கணினிகளின் வரலாறு உங்களுக்குத் தெரியும். அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்கு வந்தவை பல, எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கப்பட்டவை சில. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு விண்டோஸ் 11 ஏறாது. புதியது வாங்க முப்பதாயிரம், நாற்பதாயிரம் வேண்டும். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தோடு அதையும் சேர்த்துப் பார்க்கும் தகப்பனார்கள் இவ்வரங்கில் நிறைய உண்டு. ஆதலால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலிய லினக்ஸ் வகைகளை, விலை ஏதும் இன்றிக் கிடைப்பதால், பல வீடுகளில் ஏற்றிக்கொண்டார்கள். பழைய பொறி மீண்டும் சுறுசுறுப்பாக ஓடுவதைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி சில திங்கள் நீடித்தது. ஒருநாள் "புதுப்பித்தல்கள் உள்ளன" என்று திரை கேட்டது. பிள்ளை சரி என்று அழுத்தினான். மறுநாள் காலையில் பொறியைத் திறந்தால் கருந்திரை. அல்லது வெள்ளெழுத்தில் ஏதோ ஆங்கில வரிகள். கடைக்கு எடுத்துச் சென்றார்கள். கடைக்காரர் ஒருநொடி பார்த்துவிட்டு, "ஃபார்மட் செய்யவேண்டும்" என்றார். ஃபார்மட் என்றால் வட்டில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து ஏற்றுவது. நம் காலனியில் ஒரு வீட்டில் அவ்வாறே செய்தார்கள். மறைந்த தாயாரின் ஒளிப்படங்கள், கடைசியாக ஊருக்குப் போனபோது எடுத்த காட்சிகள், மகளின் செய்முறைப் பாடக் குறிப்புகள் எல்லாம் போயின. அந்த வட்டுக்கு ஒரு கேடும் இல்லை. படங்கள் அதில் அப்படியே இருந்தன. நின்றது எஞ்சின் மட்டுமே, எரித்ததோ பெட்டிகளை.

நான் இன்று கூற வந்தது ஒன்றே. கெர்னல் புதுப்பித்தலுக்குப் பின் பொறி எழவில்லையாயின், உங்கள் பொருள் எதுவும் அழியவில்லை என்றே முதலில் கொள்ளுங்கள். பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் பழைய கெர்னல் இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதைக்கொண்டு பொறியை எழுப்பலாம். இனி, அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

கெர்னல் என்பது யாது? தமிழில் இதனைக் கருனி என்று எழுதுகின்றனர். நாம் திரையில் காணும் பாட்டு, படம், எழுத்து ஆகிய செயலிகள் எல்லாம் ரயில் பெட்டிகளைப் போன்றவை. அவற்றை இழுத்துச் செல்லும் எஞ்சின் கெர்னல். நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய உறுப்புகளோடு நேரே பேசுவது அது ஒன்றே. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் இதனை எழுதத் தொடங்கினார். ஆகஸ்டு 25ஆம் நாள் அதனை உலகிற்கு அறிவித்தபோது, இது ஒரு பொழுதுபோக்கு முயற்சியே, பெரிதாக வளராது என்ற பொருள்பட எழுதினார். முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகள். இன்று மூன்று கோடி வரிகளுக்கு மேல். 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணிப்பொறிகள் அனைத்திலும் ஓடுவது லினக்ஸே. உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்குமாயின் அதன் உள்ளேயும் இதே கெர்னல்தான் இருக்கிறது. ஆகவே "எங்களுக்கு லினக்ஸ் பழக்கமில்லை" என்று இனி எவரும் கூறவேண்டாம்.

நம் பெங்களூருக்கும் இது புதியதன்று. இந்திய அறிவியல் கழகத்து ஆசிரியர்களும் இந்நகரத்துப் பொறியாளர்களும் சேர்ந்து, எளிய மக்களுக்கென்று சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணிப்பொறியை உருவாக்கினார்கள். 2004ஆம் ஆண்டில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் வழி அது விற்பனைக்கு வந்தது. அதில் ஓடியதும் லினக்ஸ். கன்னடம், தமிழ், இந்தி ஆகிய மொழிகளை அது அறிந்திருந்தது. வாணிகத்தில் அது வெற்றி பெறவில்லை என்பது வேறு செய்தி. 2001ஆம் ஆண்டு தொடங்கி "லினக்ஸ் பெங்களூர்" என்ற பெயரில் மாநாடும் இங்கு நடந்தது. நாம் பழைய மடிக்கணினியில் இன்று ஏற்றும் பொருள், நம் தெருவுக்கு அருகிலேயே இருபத்தைந்து ஆண்டுகளாகப் புழங்கிவருகிறது.

நிற்க. எஞ்சினை ஏன் அடிக்கடி மாற்றவேண்டும் என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். ஓடுகிற வண்டியை ஓடவிடக் கூடாதா என்பது நல்ல கேள்வியே. புதிய கெர்னல் பதிப்பு ஏறத்தாழ ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. அவற்றிற்கிடையே, கண்டறியப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் சிறு திருத்தங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஓட்டையை அடைக்காவிட்டால் திருடன் வருவான். வங்கிக் கணக்கைப் பார்க்கும் பொறியில் அது பேராபத்து. ஆதலின் புதுப்பித்தலை நிறுத்திவிடுவது தீர்வாகாது. கடையில் சிலர் அப்படி அறிவுரை சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

ஆனால் ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. புதிய எஞ்சின் வந்துசேர்ந்த அன்றே பழைய எஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவதில்லை. ஷெட்டில் நிறுத்தி வைப்பார்கள். உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளும் இவ்வழக்கத்தையே கைக்கொள்கின்றன. புதிய கெர்னல் வரும்போது பழையதன்மேல் எழுதாமல், அதன் பக்கத்தில் வைக்கின்றன. ஃபெடோராவில் பொதுவாக மூன்று கெர்னல்கள் வரை நிற்கும். ஆர்ச் என்னும் வகை மட்டும் இவ்வழக்கிற்கு விலக்கு. அது பழையதன் இடத்திலேயே புதியதை வைத்துவிடும். ஆர்ச் வைத்திருக்கும் மாணவர்கள் நம்மிடையே இரண்டொருவர் உண்டென்று அறிவேன். நீண்டகால ஆதரவுள்ள கெர்னல் ஒன்றையும் கூடவே நிறுவி வைத்துக்கொள்ளுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, பொறி எழும் வழியைக் காண்போம். ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட, அடுத்த நிலையம் "லைன் கிளியர்" கொடுக்கவேண்டும் என்பது நம் ரயில்வேயின் பழைய விதி. குறித்த நேரத்தில் வண்டி வந்துசேரவில்லை என்றால், எடுத்த எடுப்பில் வண்டி கவிழ்ந்தது என்று எவரும் அலறுவதில்லை. கடைசியாக எந்த நிலையத்தைக் கடந்தது என்றுதான் கேட்பார்கள். கணிப்பொறியும் இப்படி நிலையம் நிலையமாகவே எழுகிறது.

விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது பொறிப்பலகையில் உறைந்துள்ள சிறு நிரல். பழைய பொறிகளில் அதன் பெயர் பயாஸ்; புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. பொறியைச் செய்த நிறுவனத்தின் முத்திரை திரையில் தோன்றுகிறதே, அது இந்நிலையம். முத்திரையே தோன்றவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் கெர்னலின்மேல் பழி போடவேண்டாம். அது மின்சாரத்தின் குற்றமோ உறுப்பின் குற்றமோ ஆகும். கடைக்குப் போகவேண்டியதுதான்.

இரண்டாம் நிலையம் கிரப் எனப்படுவது. எந்த எஞ்சினைப் பூட்டுவது என்று முடிவு செய்யும் நிலைய அதிபர் இவரே. நம் பேச்சில் மிக முதன்மையானவரும் இவரே. ஆயினும் இவர் அடக்கமானவர். பொறியில் லினக்ஸ் ஒன்று மட்டும் இருந்தால் தம் முகத்தைக் காட்டாமலே வேலையை முடித்துவிடுவார்.

மூன்றாம் நிலையத்தில் கெர்னல் நினைவகத்தில் ஏறுகிறது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. வட்டைப் படிக்கும் முறையைக் கெர்னலுக்குக் கற்றுக்கொடுக்கும் துணைநிரல் அந்த வட்டிலேயே இருக்கக்கூடும். பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருந்தால் எவ்வாறு திறப்பது? இதற்காக, வேண்டிய சாவிகளை மட்டும் கட்டிய ஒரு சிறு மூட்டையைக் கிரப் கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் வைக்கிறது. அதன் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். ஒவ்வொரு கெர்னலுக்கும் அதற்கே உரிய சாவி மூட்டை வேண்டும். பழைய மூட்டை புதிய கெர்னலுக்கு உதவாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தலுக்குப் பின் வரும் துன்பங்களுள் பெரும்பகுதி இந்த மூட்டையைப் பற்றியதே.

அதன்பின் கெர்னல் வட்டைத் திறந்து, மற்றப் பணிகளைத் தொடங்கி, கடவுச்சொல் கேட்கும் திரைக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

பொறி எழாத நாளில் முதலில் செய்யவேண்டியது என்னவென்றால், எதையும் அழுத்தாமல், திரையில் உள்ளதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அவ்வரிகள் அச்சமூட்டுவன போல் தோன்றினும், வண்டி எந்த நிலையத்தில் நின்றது என்பதைச் சொல்வன அவையே. படத்தை எடுத்த பின் விசையை அழுத்திப் பிடித்து அணையுங்கள்.

மீண்டும் ஏற்றும்போது நிலைய அதிபரை வெளியே அழைக்கவேண்டும். பழைய பயாஸ் பொறியாயின் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே இருங்கள். புதிய பொறியாயின், நிறுவனத்தின் முத்திரை தோன்றி மறையும் வேளையில் எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். ஒருமுறை போதும். பதற்றத்தில் பலமுறை தட்டினால், கிரப் என்ற சொல்லோடு வெற்றுத்திரை ஒன்று வந்து நிற்கும், அதுகண்டு அஞ்சவேண்டாம், அணைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். சரியான வேளையில் தட்டினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால், பொறியில் உள்ள கெர்னல்கள் எல்லாம் பதிப்பு எண்ணோடு வரிசையாகத் தெரியும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த எண்ணுள்ள பழையதைத் தேர்ந்து என்டர் விசையை அழுத்துங்கள். "ரிகவரி மோடு" என்று அருகில் எழுதிய வரிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பொறி எழுந்துவிட்டதா? பெரும்பாலும் எழும். எழுந்தால் நோய் புதிய கெர்னலில்தான் என்பது உறுதியாயிற்று. உடனே செய்யவேண்டியது பழுது பார்த்தல் அன்று. படங்களையும் பாடங்களையும் வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பதே முதல் வேலை. வண்டி நின்றால் பயணிகளை முதலில் இறக்குவார்கள். பிறகுதான் எஞ்சினைப் பார்ப்பார்கள்.

இனி நோயின் காரணத்தைத் தேடலாம். நான் கண்டவரை மிகுதியாக வருவது இடப்பற்றாக்குறை. கெர்னல்களையும் சாவி மூட்டைகளையும் வைக்கும் இடத்திற்குப் பூட் என்று பெயர். வட்டை மறையாக்கம் செய்து நிறுவிய பொறிகளில் இது தனி அறையாகவே பிரிக்கப்பட்டிருக்கும். பழைய நிறுவல்களில் அந்த அறைக்குச் சில நூறு மெகாபைட் அளவே ஒதுக்கியிருப்பார்கள். ஒரு கெர்னலும் அதன் மூட்டையும் சேர்ந்து நூறு மெகாபைட்டோ அதற்கு மேலோ பிடிக்கும். நாலைந்து சேர்ந்தால் அறை நிறைந்துவிடும். ஷெட்டில் இடமில்லாதபோது புதிய எஞ்சின் வந்தால் என்ன ஆகும்? எஞ்சின் உள்ளே வந்துவிடும். சாவி மூட்டை பாதி கட்டியபடி நின்றுவிடும். அடுத்த நாள் கெர்னல் எழுந்து, வட்டைத் திறக்கச் சாவி இன்றி, "கெர்னல் பேனிக்" என்று எழுதிவிட்டுச் செயலற்று நிற்கும். "அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்.எஸ்." என்ற வரி அதனருகில் இருந்தால் நோய் பெரும்பாலும் இதுவே. பேனிக் என்ற சொல்லைப் பார்த்து நாமும் பேனிக் ஆகவேண்டியதில்லை. சாவி இல்லை என்று பொறி முறையிடுகிறது, அவ்வளவே.

இதற்கு மருந்து எளிது. பழைய கெர்னலில் எழுந்த பின், பயன்படாத மிகப் பழைய கெர்னல்களை நீக்கி இடம் உண்டாக்கவேண்டும். லினக்ஸ் மின்ட் வைத்திருப்போர், அப்டேட் மேனேஜரில் வியூ என்பதன்கீழ் லினக்ஸ் கெர்னல்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் கட்டளை எதுவும் எழுதாமலே நீக்கலாம். உபுண்டுவில் ஏ.பி.டி. ஆட்டோரிமூவ் என்ற கட்டளை இவ்வேலையைச் செய்யும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை அது தொடாது. இடம் கிடைத்தபின் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் என்ற கட்டளையைப் புதிய கெர்னலின் எண்ணோடு கொடுத்து மூட்டையைப் புதிதாகக் கட்டி, அப்டேட்-கிரப் என்ற கட்டளையால் நிலைய அதிபரிடம் பட்டியலைத் திருத்தச் சொல்லவேண்டும். நம் மாணவர்களுக்கு இவை எழுத்துக்கூட்டத் தெரிந்தவையே. ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன். பூட் அறைக்குள் புகுந்து கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். பதிவேட்டில் எஞ்சின் இருப்பதாக எழுதியிருக்க, ஷெட்டில் எஞ்சின் இல்லையென்றால் என்ன குழப்பம் விளையும் என்பதை எழுத்தர் வேலை பார்க்கும் எவரும் அறிவர்.

வேறு காரணங்களும் உண்டு. புதுப்பித்தல் நடக்கும்போதே மின்சாரம் நின்றால் வேலை பாதியில் முறியும். மின்கலம் செத்துப்போன பழைய மடிக்கணினிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பழைய கெர்னலில் எழுந்து, முறிந்த நிறுவலை முடிக்கச் சொன்னால் போதும். "இனிட்ராம்எஃப்எஸ்" என்ற சொல்லை அடைப்புக்குறிக்குள் காட்டி, எஃப்.எஸ்.சி.கே. என்பதைக் கையால் இயக்குமாறு திரை கேட்குமாயின், அது கெர்னலின் பிழையாக இருக்கவேண்டியதில்லை. வட்டின் கணக்கேட்டில் பிழை நேர்ந்திருக்கிறது. கேட்டபடி செய்தால் பெரும்பாலும் சீராகும். வட்டே தேய்ந்துபோன அறிகுறியாகவும் அது இருக்கலாம் என்பதால், சீரான உடனே படியெடுத்தல் நன்று.

கெர்னல் எழுந்து, சின்னமும் காட்டி, அதன்பின் திரை மட்டும் கறுத்துப்போகிறது என்றால், படம் வரையும் அட்டையின் துணைநிரலைப் பாருங்கள். என்விடியா அட்டை உள்ள பொறிகளில் இது மிகுதி. என்விடியாவின் துணைநிரல் கெர்னலோடு பிறந்ததன்று. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கேற்ப அதையும் மீண்டும் கட்டவேண்டும். அது கட்டப்படாமற்போனால் திரை இருளும். கிரப் பட்டியலில் இ என்ற எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து எஃப் 10 விசையை அழுத்தினால், அந்த ஒருமுறைக்கு மட்டும் எளிய முறையில் திரை விளங்கும். பிறகு துணைநிரலை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். இதை மாணவர்களிடம் விட்டுவிடுகிறேன். பெரியோர்கள் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சில வேளைகளில் குற்றம் நம் வீட்டில் இராது; அனுப்பியவரிடமே இருக்கும். 2018ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், செயலிகளில் உள்ள மெல்ட்டவுன் என்னும் பெரிய ஓட்டை உலகிற்குத் தெரிந்தது. அதனை அடைக்க உபுண்டு 16.04க்கு ஜனவரி 9ஆம் நாள் 4.4.0-108 என்ற எண்ணுள்ள கெர்னல் அனுப்பப்பட்டது. அதை ஏற்றிய பொறிகளுள் சில எழவே இல்லை. மறுநாளே 109 என்ற எண்ணோடு திருத்திய கெர்னல் வந்தது. அந்த ஒரு நாள் இடைவெளியில் அறிந்தவர்கள் செய்தது என்ன? கிரப் பட்டியலைத் திறந்து, முந்திய கெர்னலில் எழுந்து, தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மறுநாள் திருத்தத்தைப் பெற்றுக்கொண்டார்கள். அறியாதவர் சிலர் வட்டைத் துடைத்திருப்பார்களாயின், அவர்கள் இழந்தது அந்த ஒரு நாளை அன்று.

ஷெட்டில் பழைய எஞ்சின் நில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் சான்று. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், விண்டோஸ் பொறிகள் ஏறத்தாழ 85 இலட்சம் உலகெங்கும் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பயணச்சீட்டைக் கையால் எழுதிய காலத்தை அறிந்த நம் ரயில்வே மூத்தோர் அதைக் கேட்டுப் புன்னகை செய்தார்கள். எண்ணற்ற பொறிகளில் ஊழியர் நேரே சென்று அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டியதாயிற்று. ஒன்றைக் கவனியுங்கள். அங்கும் வட்டில் இருந்த பொருள் அழியவில்லை. எழும் வழியே அடைபட்டது.

ஒரே பொறியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கும் வீடுகளுக்கு இன்னொரு செய்தி. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய புதுப்பித்தல் ஒன்று, அத்தகைய பொறிகள் சிலவற்றில் லினக்ஸ் எழுவதைத் தடுத்துவிட்டது. எஸ்.பி.ஏ.டி. என்ற நான்கெழுத்தும், ஏதோ பெரும் பிழை நேர்ந்தது என்னும் பொருளுள்ள ஆங்கில வரியும் திரையில் தோன்றின. லினக்ஸ் கெர்னல் அங்கே குற்றவாளி அன்று. செக்யூர் பூட் என்னும் காவலைத் தற்காலிகமாக நீக்கி, உள்ளே சென்று, வழிமுறைப்படி சீர்செய்து, மீண்டும் காவலை நிறுத்தவேண்டியதாயிற்று. ஆகவே கிரப் பட்டியல் தோன்றுவதற்கு முன்னரே வண்டி நின்றால், கெர்னலை மாற்றிப் பயனில்லை. தடை அதற்கு முந்திய நிலையத்தில் இருக்கிறது.

பழைய கெர்னலிலும் எழவில்லை, அல்லது பழைய கெர்னலே இல்லை என்றால் என் செய்வது? அதற்கும் வழி உண்டு. பென் டிரைவ் ஒன்றில் லினக்ஸை எழுதி வைத்துக்கொண்டால், வட்டைத் தொடாமல் அந்தப் பென் டிரைவிலிருந்தே பொறியை எழுப்பலாம். டெல், லெனோவோ ஆகியவற்றில் தொடக்கத்தில் எஃப் 12 விசையையும், ஹெச்.பி.யில் எஃப் 9 விசையையும் அழுத்தினால் எதிலிருந்து எழுவது என்று பொறி கேட்கும். எழுந்தபின் நிறுவு என்பதை அழுத்தாமல், முயன்று பார் என்னும் பொருளுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் திரை முழுமையாக விரியும். கோப்புகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தால் உங்கள் வட்டு இடப்பக்கத்தில் தெரியும். மறையாக்கம் செய்ததாயின் கடவுச்சொல்லைக் கேட்கும். வேண்டியதையெல்லாம் வேறொரு வட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஃபார்மட் செய்ய வேண்டும் என்றே முடிவு செய்தாலும் எனக்கு மறுப்பில்லை. பென் டிரைவில் எழுந்தபடியே வட்டில் உள்ள லினக்ஸுக்குள் நுழைந்து கெர்னலைச் சீர்செய்யும் முறையும் உண்டு. கட்டளைகள் பல என்பதால் மேடையில் அதை விரிக்கவில்லை.

தாய்மார்களுக்கு ஒன்று. கடைக்காரர் ஃபார்மட் என்று சொன்னால், "வட்டில் உள்ளதை முதலில் எடுத்துத் தாருங்கள்; பழைய கெர்னலில் எழுப்பிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளைக் கேட்டபின் பேச்சு மாறுவதை நம் காலனியிலேயே பார்த்திருக்கிறேன். நல்ல கடைக்காரர்கள் இதை அவர்களாகவே செய்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

உயிர்மீட்கும் பென் டிரைவைத் தனியாகச் செய்ய இயலாதவர்கள், இவ்விழா முடிந்து வரும் ஞாயிறன்று காலை பத்து மணிக்குச் சங்கத்துப் படிப்பகத்திற்கு வாருங்கள். மாணவர்கள் நால்வர் உதவ இசைந்திருக்கிறார்கள். 16 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவாருங்கள். எழுதும்போது அதில் முன்பே இருப்பவை அழிந்துபோகும். ஆதலால் வெறுமையானதைக் கொண்டுவாருங்கள். மடிக்கணினியையும் எடுத்து வந்தால், கிரப் பட்டியலை வரவழைக்கும் விசை உங்கள் பொறியில் எது என்பதையும் அங்கேயே பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டித் தருவார்கள்.